கடன் அடைக்கும் கிராமம்

அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் படித்தவர் வெளியே வரும்போது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சுமார் 2 லட்சம் டாலர் சுமையும் தொங்குகிறது. அவர் பணம் கொழிக்கும் நகரத்தை நாடுவதில் வியப்பென்ன? எனவேதான் 1970-ல் பிறந்த தேசிய சுகாதார சேவைப் படை ஒரு பேரம் பேசுகிறது: டாக்டர் பற்றாக்குறையுள்ள ஊரில் 2 ஆண்டு பணியாற்றுங்கள், கடனில் ஒரு பகுதியை அரசு அடைக்கும்.

நல்ல பேரம்தான். நிதிதான் நாடாளுமன்றத்தின் தயவில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் காலாவதியான நிதி ஒதுக்கீட்டை, இடையில் ஒட்டுப்போட்டு, 2018 பிப்ரவரியில்தான் நீட்டித்தார்கள். டாக்டரிடம் 2 ஆண்டு உறுதி கேட்கும் அரசு, காத்திருக்கும் ஊருக்குத் தானும் ஓர் உறுதி தர வேண்டாமா?

நம் மாநிலங்கள் பலவும் பத்திரம் எழுதி வாங்கி, மீறினால் லட்சக்கணக்கில் அபராதம் என்கின்றன. வசதியுள்ளவர் கட்டிவிட்டு நழுவலாம். மிரட்டி நிறுத்துவதைவிடக் கடனை அடைத்து அழைப்பது மேல். கஜானா மட்டும் பாதியில் கதவடைக்கக் கூடாது.