இன்னொரு நாய் வேண்டுமா?

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். அவ்வீட்டில் ஐந்து வயது நாய் ஒன்று வளர்கிறது. காலையில் பெற்றோர் அலுவலகம் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். மாலைவரை நாய் தனியே கதவைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. "பாவம், அதற்குத் துணையாக இன்னொரு நாய் வளர்க்கலாமே!" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. இதன் பின்னே இருப்பது அன்பு. ஆயினும், அன்பு ஒன்றை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது.

நாய் கூடி வாழும் இயல்புடையது. குணம் ஒத்த இரு நாய்கள் சேர்ந்து விளையாடும், சேர்ந்து உறங்கும். இதனை மறுப்பாரில்லை. ஆனால், வீட்டில் தனித்திருக்கும் நாய் பெரும்பாலும் ஏங்குவது மற்றொரு நாய்க்காக அன்று, தன் வீட்டாருக்காகவே. ஒரு நாயை நாள்தோறும் அரைமணி நேரம் வெளியே அழைத்துச் செல்ல நேரமில்லாத வீட்டிற்கு இரண்டாவது நாய் வந்தால் என்ன நேரும்? தனிமையில் வாடும் நாய்கள் இரண்டாகும். ஆதலின், முதல் நாய்க்கு உரிய நேரம் முழுமையாகக் கிடைக்கின்றதா என்பதே முதற்கேள்வி.

அடுத்து, அந்நாயின் இயல்பையும் எண்ணுதல் வேண்டும். முதுமையடைந்த நாய்க்குக் குட்டியின் ஓயாத துள்ளல் தொல்லையாகும். தன் உணவுத் தட்டின் அருகே எவர் வந்தாலும் உறுமும் நாய், புதிய நாயுடன் சண்டையிடக்கூடும். நாயிடம் வாய்விட்டுக் கேட்க இயலாது. ஆனால், கண்டறிய இயலும். அண்டை வீட்டு நாயைக் காணும்போது வாலைத் தளர்வாக ஆட்டுகின்றதா, உடலை விறைத்து நிற்கின்றதா என்று சில நாள்கள் உற்று நோக்கினால் அதன் மனம் ஓரளவு விளங்கும்.

செலவும் பொறுப்பும் இரட்டிப்பாகும். இரு நாய்களுக்கும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைக் காலந்தவறாது போடுதல் வேண்டும். தில்லி போன்ற நகரங்களில் மாநகராட்சியிடம் பதிவும் செய்தல் வேண்டும். ஒன்று ஆணும் மற்றொன்று பெண்ணுமாயின் கருத்தடை அறுவை மருத்துவம் இன்றியமையாதது. பெண் நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள்களே. அதன்பின் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் வீடு தேடுவது எளிதன்று. மேலும், நன்கு பேணப்படும் நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். இன்று ஆறாம் வகுப்பில் பயிலும் மாணவர் கல்லூரிக்குச் சென்ற பின்னும் அந்த நாய் அதே வீட்டில் உணவுக்குக் காத்திருக்கும்.

பணியின் பொருட்டு ஊர் மாறும் குடும்பங்கள் இன்னும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். தொடர்வண்டியின் பொதுவான படுக்கைப் பெட்டிகளில் நாய்க்கு இடமில்லை. ஒரு நாயைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் இசையலாம், இரண்டிற்கு இசைவாரா? பணிமாற்றம் வந்ததும் நாயைத் தெருவில் விட்டுச் செல்வோரும் உளர். தக்க காரணமின்றி விலங்கைக் கைவிட்டுப் பசியாலும் தாகத்தாலும் வாட விடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் இல்லாவிடினும் அது குற்றமே.

இவற்றையெல்லாம் எண்ணியபின் வீட்டார் அனைவரும் இசைந்தால் இரண்டாவது நாய் வரட்டும். எந்த நாய் என்பதிலும் கருத்து வேண்டும். பனிநாட்டிற்குரிய அடர்ந்த மயிர் நாய், தில்லியின் கோடை வெயிலில் துன்புறும். 2005 ஆம் ஆண்டில் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமை நம் இராசபாளையம் நாய்க்கு உண்டு. எனினும், ஓடித் திரியும் வேட்டைநாயான அதற்குச் சிறிய அடுக்குமாடி வீடு போதாது. வீடின்றித் தெருவில் பிறந்த குட்டியோ இந்நாட்டு வெயிலுக்குப் பழகியது, அன்புக்கு ஏங்குவது. அதனை முதல் நாய்க்கு வீட்டிற்கு வெளியே, பொதுவான ஓரிடத்தில் அறிமுகம் செய்தல் நன்று. உணவுத் தட்டும் படுக்கையும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

நேரமோ இடமோ போதவில்லையெனில் 'இப்போது வேண்டா' என்பதே நேர்மையான விடை. அது அன்பின்மை ஆகாது. மாலையில் இன்னும் அரைமணி நேரம் முதல் நாயுடன் நடக்கலாம். கோடையில் தெருநாய்களுக்காக வாயிலில் ஒரு சட்டி நீர் வைக்கலாம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகு புக மறுத்தார் தருமர் என்கிறது மகாபாரதம். புதிய நாயைக் கொண்டுவருவது ஒரு நாள் மகிழ்ச்சி. வந்த நாயை இறுதிவரை கைவிடாதிருப்பதே அன்பு.