கிளட்ச் ஒயர்ல கை வைக்க விடாதீங்க!

அப்பாவோட காரை நம்ம கையில குடுத்ததும் அதுல எதையாவது மாட்டணும்னு கை பரபரக்கும். இப்போ அந்த லிஸ்ட்ல ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்தாச்சு. மே மாச வெயில்ல மாடியிலிருந்தே பட்டனை அழுத்தி, ஏசி ஓடுற வண்டியில போய் ஏறணும். ஆசை நியாயமானதுதான். அலாரம் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கியர் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி.

ஏன்னு கேளுங்க. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாம, முதல் கியர்ல போட்டு நிறுத்துறது நம்ம ஊர்ல பல பேரோட பழக்கம். சரிவுல அது சரியான பழக்கமும் கூட. இப்போ வர்ற பல கார்கள் கிளட்சை மிதிச்சாதான் ஸ்டார்ட் ஆகும். பெடல் பக்கத்துல இருக்கற ஒரு சின்ன சுவிட்ச்தான் அதைப் பார்த்துக்குது. ரிமோட்ல ஸ்டார்ட் பண்றப்போ மிதிக்க யாரும் இல்லையே? அதனால கடையில அந்த சுவிட்சோட ரெண்டு ஒயரையும் ஷார்ட் பண்ணிடுவாங்க. வண்டி கியர்ல நிக்கும்போது பட்டனை அழுத்தினா, ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னாடி தள்ளும். எஞ்சினும் பிடிச்சுக்கிட்டா வண்டி ஓட ஆரம்பிச்சுடும். எதிர்ல சுவர் இருந்தா பம்பரோட போச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை நின்னா? மாடியில நிக்கற உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொண்ணு, அந்த ஷார்ட் நிரந்தரம். நாளைக்கு அம்மா சாவி போட்டுத் திருகினாலும் அதே கதைதான்.

"நல்ல கிட்ல நியூட்ரல் பாதுகாப்பு இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. எஞ்சின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து, இறங்கி, கதவைச் சாத்தினா அதுவே எஞ்சினை அணைச்சு 'நியூட்ரல்ல இருக்கு'ன்னு ஞாபகம் வச்சுக்கும். கதவைத் திறந்தா அந்த ஞாபகம் அழிஞ்சுடும். அழகான லாஜிக். ஆனா அது மொத்தமும் கதவு சுவிட்சுக்குப் போற ஒரு ஒயரை நம்பி நிக்குது. அந்த ஒயர் லூஸானா?

ஆட்டோமேட்டிக் வண்டின்னா போட்டுக்கலாம். பானெட் சுவிட்சை மட்டும் கண்டிப்பா இணைக்கச் சொல்லுங்க, மெக்கானிக் உள்ளே கை விட்டிருக்கும்போது எஞ்சின் கிளம்பக் கூடாது. மூடின ஷெட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. இம்மொபிலைசரை ஏமாத்த ஸ்பேர் சாவியோட சிப்பை டேஷ்போர்டுக்குள்ள ஒளிச்சு வைக்கற கடைகளும் உண்டு. திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கறதுதான் அது!

வெறும் அலாரத்துக்கும் ஒயரிங் ஒயரிங்தான். முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டணும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்கோடது, பக்கத்துலயே போக வேண்டாம். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். முறுக்கி டேப் சுத்தினா வெயில்ல பசை இளகிடும், அதனால சால்டர் பண்ணி ஸ்லீவ் போடச் சொல்லுங்க. கடைசியா மல்டிமீட்டரை வச்சு, வண்டி சும்மா நிக்கும்போது எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாருங்க. 100 மில்லி ஆம்பியர் போனா 10 நாள்ல 24 ஆம்பியர் அவர் காலி, 45 ஆம்பியர் அவர் பேட்டரியில பாதிக்கு மேல! செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்தா வண்டி முனகக்கூட முனகாது.

கடைக்குப் போனதும் விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி, "கிளட்ச் சுவிட்ச்ல கை வைப்பீங்களாண்ணே?"ன்னு கேளுங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னு பதில் வந்தா, சாவியை வாங்கிட்டுக் கிளம்பிடுங்க.