வாலை மட்டும் பார்த்தோம்

வைகறையில் எழுந்து நடப்பது உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்று என்பதை நாம் எமது மாணவர்க்குப் பல்லாண்டாகப் போதித்து வந்திருக்கிறோம். போதித்தோமேயன்றி நடந்தோமில்லை. அப்பாவம் தீரும்பொருட்டோ என்னவோ, நான்கு ஆண்டுகளின் முன் ஒரு மாரிக்கால இரவில், எமது படலையடியில் நனைந்து நடுங்கியபடி ஒரு நாய்க்குட்டி வந்து நின்றது. அதற்கு வீமன் என்று பெயரிட்டோம். உண்டி ஒன்றைத் தவிர வேறெதிலும் அவன் வீமனல்லன். எனினும் அவன் வளர்ந்தது தொட்டு, ஞாயிறென்றும் திங்களென்றும் பாராமல், காலை ஐந்தரை மணிக்கு எம்மை எழுப்பி வெளியே இட்டுச் செல்பவன் அவனே. நாம் நாயை உலாவ அழைத்துச் செல்வதாக அயலவர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மறுதலையென்பதை எமது படலை அறியும்.

எமது வழி பெரிதன்று. ஒழுங்கையைக் கடந்து, பனங்கூடலினூடே சென்று, வயல்வெளியில் இறங்கி, மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கியாற்றின் கரைவரை நடந்து மீள்வோம். தை மாதத்தில் முற்றிய நெற்கதிர்கள் வரம்பின் இருமருங்கும் சாய்ந்து கிடக்கும். ஆடியில் அதே நிலம் வெடித்துக் கிடக்க, சோளகக் காற்றில் பனையோலைகள் சலசலக்கும். ஆட்காட்டிக் குருவி எம்மைக் கண்டதும் ஊருக்கெல்லாம் முறையிட்டுக்கொண்டு எழுந்து பறக்கும். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தும் இவற்றையெல்லாம் நாம் நின்று கண்டதில்லை. துவிச்சக்கரவண்டியில் விரைந்து கடந்ததுண்டு. நின்று காணக் கற்பித்தவன் வீமன்.

வயலுக்கு இறங்கும் முடக்கிலே பழைய சுமைதாங்கி ஒன்று உண்டு. கருவுற்றிருந்து இறந்த பெண்களின் நினைவாக இத்தகைய கற்களை நாட்டுவது எம் முன்னோர் வழக்கம். தலைச்சுமையோடு செல்வோர் இந்நாளில் அருகிவிட்டனர். ஆயினும் அக்கல்லை ஒருநாளும் தவறாது நாடுவோர் இருக்கின்றனர். அவர்கள் எமது ஊர் நாய்கள். அதனடியில் வீமன் முகரத் தொடங்கினால் எளிதில் நகரமாட்டான். தொடக்கத்தில் பொறுமையிழந்து சங்கிலியைப் பற்றி இழுத்தோம். பின்னர் நாயின் மூக்கைப்பற்றிப் படித்தறிந்தபோது வெட்கமடைந்தோம். நாய் முன்புறத் துவாரங்களால் மூச்சை உள்ளிழுத்து, பக்கங்களிலுள்ள பிளவுகளால் வெளிவிடுகின்றது. ஆதலின் வெளிவரும் மூச்சு உள்ளே செல்லும் மணத்தைக் கலைப்பதில்லை. அன்றியும், வாயின் மேலண்ணத்தை அடுத்து மணவுணர்வுக்கெனப் பிறிதோர் உறுப்பும் அதற்கு உண்டு. முன்னர் வந்துபோன நாய் அறிந்ததா அறியாததா, ஆணா பெண்ணா என்னும் செய்திகளெல்லாம் அக்கல்லில் எழுதப்பட்டுள்ளன. நாம் வீடு திரும்பியபின் செய்தித்தாளை விரித்து அரைமணி நேரம் அமர்கிறோம். அவ்வேளையில் ஒருவர் எமது சட்டைக் கழுத்தைப் பற்றி இழுப்பாராயின் பொறுப்போமா?

ஆக, அவன் ஊரைப் படிப்பதைப் பொறுக்கக் கற்றோம். ஆனால் அவனைப் படிக்க நாம் கற்றிருக்கவில்லை. அதற்கு ஒரு சிறுவன் விலை கொடுக்க நேர்ந்தது.

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள், ஆற்றங்கரையிலிருந்து மீளுகையில் வெயில் ஏறிவிட்டது. நாய்க்கு எம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். வீமன் களைத்திருந்தான். ஒழுங்கை முடக்கில் அயல்வீட்டுச் சிறுவன் தன் அம்மம்மாவின் கையைப் பற்றி வந்தான். வயது ஏழு இருக்கும்.

"மாஸ்ரர், கடிக்குமோ?" என்று கேட்டான்.

"ஒன்றும் செய்யமாட்டான், தம்பி. வாலை ஆட்டுகிறான், பார்" என்றோம்.

சிறுவன் மகிழ்ந்து ஓடிவந்து வீமனின் கழுத்தை இரு கைகளாலும் கட்டி, முகத்தோடு முகம் வைத்தான். வீமன் கொட்டாவி விட்டான். முகத்தை அப்பால் திருப்பினான். தன் மூக்கை நாவால் நக்கினான். பின்னர் ஒரு கணம் கற்சிலைபோல் அசைவற்று நின்றான். அடுத்த கணம் சிறுவனின் முன்கையில் இரு பற்கள் பதிந்திருந்தன.

உடனே கிணற்றடிக்குக் கொண்டுசென்று, சவர்க்காரமிட்டு, கால்மணி நேரம் நீர் ஓடவிட்டுக் காயத்தைக் கழுவினோம். பின்னர் ஓட்டோவில் அரசாங்க ஆசுபத்திரிக்கு விரைந்தோம். வீமனுக்கு அவ்வாண்டு தடுப்பூசி ஏற்றிய அட்டை எம்மிடம் இருந்தது. அதைப் பார்வையிட்ட வைத்தியர் சிறுவனுக்கு வேண்டிய சிகிச்சையைச் செய்து, நாயைக் கட்டிவைத்துச் சில நாட்கள் கவனிக்கும்படி கூறினார். காயம் பெரிதன்று. எமது நாணமே பெரிது.

மாலையில் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். வீமனை நன்றாக அடித்துத் திருத்தப்போவதாகவும் கூறினோம். சிறுவனின் அம்மம்மா எம்மை நிமிர்ந்து பார்த்தார். அவர் வயற்காவலுக்கு நாய் வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர்.

"அடிக்காதையுங்கோ மாஸ்ரர். அது வேண்டாம், வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னது! கொட்டாவி விட்டது, முகத்தைத் திருப்பினது, நாக்காலை மூக்கை நக்கினது. நீங்கள் வாலை மட்டும் பாத்தனியள்."

"நீங்கள் கண்டீர்களானால் ஏன் ஆச்சி சொல்லவில்லை?" என்றோம்.

"படிச்ச மனிசர் சொல்லுறியள், சரியாக்கும் எண்டு பேசாமல் நிண்டிட்டன்" என்றார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அறியாதிருந்தது ஒரு குற்றம். அறிந்த ஒருவரின் வாயை எமது பட்டமும் பதவியும் அடைத்தது அதனினும் பெருங்குற்றம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நாம் வகுப்பில் விளக்கியதுண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் மாணவர் ஒப்புவிப்பர். உள்ளத்து உணர்ச்சி உடலிலே தோன்றுவதே மெய்ப்பாடு. வேலால் எறிந்த தலைவனிடத்தும் அன்பு மாறாத நாயை நாலடியார் நட்புக்கு உவமையாக்குவதையும் சுவைபடக் கூறியிருக்கிறோம். இவற்றால் எமது மனத்தில் நின்றது யாதெனின், வாலாட்டும் நாய் அன்புடையது என்னும் ஒரே சூத்திரம். எட்டு மெய்ப்பாட்டில் உவகை ஒன்றையே நாய்க்கு விட்டுவைத்து, அச்சத்தையும் வெகுளியையும் எடுத்துவிட்டோம்.

சாள்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளியிடும் முறைபற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். பகைகொண்ட நாய் உடலை நிமிர்த்தி, வாலை விறைத்து உயர்த்தி, மயிர் சிலிர்க்க நடப்பதையும், அதே நாய் வருபவன் தன் தலைவனென அறிந்தவுடன் உடலைத் தாழ்த்தி, நெளிந்து, வாலைக் குழைப்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். எதிர்மாறான உணர்ச்சி எதிர்மாறான நிலையால் வெளிப்படுகின்றதென்பது அவர் கருத்து. 2007ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் 30 நாய்களை ஆராய்ந்து மற்றொன்று கண்டனர். தன் தலைவரைக் காணும்போது நாயின் வால் அதன் வலப்பக்கமாகவும், ஆதிக்கம் காட்டும் அந்நிய நாயைக் காணும்போது இடப்பக்கமாகவும் மிகுதியாக ஆடுகின்றதாம். வாலாட்டம் ஒன்றே, பொருள் ஒன்றன்று. வாலாட்டுதல் உள்ளத்துக் கிளர்ச்சியைக் காட்டும். அக்கிளர்ச்சி மகிழ்ச்சியா, அச்சமா, சினமா என்பதை உடல் முழுவதையும் நோக்கியே தெளியவேண்டும்.

அதன்பின் எமது காலை நடை ஒரு வகுப்பாயிற்று, நாம் மாணவர். உடல் தளர்ந்து, வாய் சிறிது திறந்து, இடுப்போடு சேர்ந்து வால் அகல ஆடினால் அவன் மகிழ்ந்திருக்கிறான். வால் உயர்ந்து விறைத்துச் சிறிதாகத் துடித்தால் எதனையோ கண்டு முறுகி நிற்கிறான். உறக்கமில்லாத கொட்டாவியும், உணவில்லாத நாச்சுழற்றலும் மனக்கலக்கத்தின் குறிகள். முகத்தைத் திருப்பியபடி கண்ணின் வெண்மை பிறைபோல் தெரிந்தால் அணுகலாகாது. முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவது விளையாட்டு அழைப்பு. நனையாத நாய் உடலை உதறிக்கொள்வது, பட்ட கலக்கத்தை உதறிவிடுவதற்கே. முதுகு மயிர் சிலிர்ப்பது அவன் விரும்பிச் செய்வதன்று. எமக்குப் புல்லரிப்பது போன்றது.

வயல்வெளியில் இவ்வறிவு பெரிதும் பயன்பட்டது. ஒருநாள் வரம்பில் அவன் திடீரென நின்று, ஒரு முன்காலை உயர்த்தி, காதுகளை முன்னே நீட்டினான். முன்னைய நாட்களாயின் இழுத்துச் சென்றிருப்போம். நின்றோம். சற்றுப் பொறுத்து ஒரு புடையன் பாம்பு வரம்பைக் குறுக்கே கடந்து புல்லுள் மறைந்தது. எதிரே வேறொரு நாய் வந்தால், இருவரும் முகத்துக்கு முகம் சந்திக்கவொட்டாமல் வளைந்து செல்ல இடம் விடுகிறோம். நாய்களிடையே அதுவே மரியாதை. சங்கிலியைத் தளர்த்திப் பிடிக்கிறோம். வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறோம்; எமது பாதத்துக்குச் செருப்பு உண்டு, அவனுக்கு இல்லை.

சிறுவர்க்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள். அறிந்த நாயாயினும் உரியவரைக் கேளாமல் தொடாதீர்கள். உரியவர் இசைந்தபின் நாயையும் கேளுங்கள். அருகே நின்று, அது தானாக உங்களிடம் வருகின்றதா என்று பாருங்கள். கழுத்தைக் கட்டாதீர்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் அணுகாதீர்கள். துரத்தும் நாய்க்கு முன் ஓடாதீர்கள், மரம்போல் நில்லுங்கள். உறுமும் நாயை அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை; அதனை அடித்து அடக்கினால் எச்சரிக்காமற் கடிக்கும் நாயையே உருவாக்குவீர்கள். கடியோ கீறலோ பட்டால், சிறிதென்று மறைக்காமல், சவர்க்காரமும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. ஆண்டுதோறும் உங்கள் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுங்கள்.

ஆவணியில் அச்சிறுவன் மீண்டும் ஒழுங்கையில் எதிர்ப்பட்டான். தொலைவிலேயே நின்று, "இண்டைக்கு வரலாமோ?" என்றான். வீமனைப் பார்த்தோம். வால் ஆடிற்று; முகம் அப்பால் திரும்பியது. "இன்று வேண்டாம், தம்பி" என்றோம். அவன் தலையசைத்துச் சென்றான். இவ்வாறு பல நாட்கள் கழிந்தன. ஒருநாள் காலை, நாம் ஒன்றும் கூறாமலே, வீமன் தளர்ந்த நடையில் சென்று சிறுவனின் கையை முகர்ந்தான். பின்னர் அவன் காலோடு சாய்ந்து நின்றான். சிறுவன் கையை அசைக்காமல், "மாஸ்ரர், இப்ப சரியோ?" என்று மெல்லக் கேட்டான்.

நாம் விடை கூறவில்லை. அவனுடைய அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் வீமனைத் தலை முதல் வால் வரை ஒருமுறை நோக்கி, "ஓம், இப்ப தொடலாம்" என்றார்.