“பார்த்துக் கொடுங்கள்”

நம் விருதுநகர் மாவட்டத்து நெசவாளரும் விவசாயிகளும் ஒரே தொழிலை நம்பி ஆண்டு முழுவதும் வாழ்வது அரிது. தறி ஓய்ந்த நாட்களிலும், கரிசல் காடு மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் மாதங்களிலும், கைத்திறன் உடையோர் வேறு வேலை தேடிக்கொள்கின்றனர். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் சிவகாசி வட்டாரத்திலும் இதுவே நிலை. பம்பு செட்டைச் சரிசெய்வோர் உண்டு. பழைய மோட்டார் காரைப் பிரித்துப் பூட்டுவோரும் உண்டு. இத்தகைய உபதொழில் வரவேற்கத்தக்கதே. ஆனால், “கூலி என்ன?” என்று கேட்டால் நம் அங்கத்தினர் பலரும் கூறும் விடை ஒன்றே: “பார்த்துக் கொடுங்கள்.” இச்சொல்லை நாம் கைவிடவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

என் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. உத்தரபாரா ஆலையில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டபடியால், உதிரிப் பாகங்களைத் தேடித்தான் வாங்கவேண்டும். சென்ற ஆண்டு அதன் கிளட்சுத் தட்டுத் தேய்ந்துபோயிற்று. மோட்டார் வேலை நன்கறிந்த நெசவாளர் ஒருவரிடம், கூலி பேசாமலே வண்டியை விட்டேன். வேலை செவ்வையாக முடிந்தது. பணம் கேட்டபோது, “உங்களிடம் நான் கணக்குப் பேசலாமா ஐயா? பார்த்துக் கொடுங்கள்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் அங்கத்தினராயுள்ள சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்பவன் நான். நான் குறைத்துக் கொடுத்தால் அது உழைப்பைச் சுரண்டுவதாகும். ஒன்றும் கொடாதிருந்தால் அதற்குப் பெயர் வேறு. முன்கூட்டிக் கூலி பேசாதது என் குற்றமே. அடுத்த வாரம் சங்கத்தின் சரக்குப் பதிவேட்டைப் புரட்டியபோது, அவருடைய சேலை இரண்டு நாள் தாமதமாக வந்திருக்கக் கண்டேன். என் வண்டிக்கு அவருடைய தறி விலை கொடுத்திருந்தது!

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். வண்டியின் அடியில் படுத்து, கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றிய 6 மணி நேரத்தையே அவர் வேலையென்று எண்ணியிருந்தார். பழுது இன்னதென்று கண்டறிய 1 மணி, மதுரைக்குச் சென்று தட்டு வாங்கிவர 4 மணி, ஓட்டிச் சோதிக்க 1 மணி ஆகியவற்றை அவர் எண்ணவில்லை. ஆக 12 மணி. தறியில் அவருக்கு மணிக்கு 50 ரூபாய் கிடைக்குமெனக் கொண்டால் 600 ரூபாய். கருவித் தேய்மானம், மண்ணெண்ணெய், கிரீஸ் ஆகியவற்றிற்கு 100. குறை கண்டு வண்டி திரும்பி வந்தால் மறுபடி பார்த்துக்கொடுக்க 50. மொத்தம் 750 ரூபாய். தட்டின் கிரயமும் பஸ் கட்டணமும் தனி. அவர் மனத்தில் வைத்திருந்ததோ 300 ரூபாய்!

தறியில் இழந்த கூலியை ஈடுசெய்யும் இத்தொகை அடிமட்டம். இதற்குக் கீழே இறங்குவது நஷ்டம். நகரத்துப் பட்டறை அதே வேலைக்கு வாங்கும் தொகை மேல்மட்டம். பட்டறையின் வாடகையும் ஆட்கூலியும் நமக்கில்லையாதலால், அதற்கு மேலே கேட்பது நியாயமன்று. நான் விசாரித்த பட்டறையில் 1,200 ரூபாய் என்றார்கள். 1,000 ரூபாய் கொடுத்து ரசீது பெற்றுக்கொண்டேன்.

பழைய வண்டியில் இன்னுமோர் இடர் உண்டு. துருவேறிய போல்ட் ஒன்று முறிந்தால், அரை நாள் வேலை ஒரு நாளாகும். ஆகவே, பார்வைக் கூலி என்று ஒரு சிறு தொகையை முதலில் பெற்றுப் பழுதை ஆராய்க. பின்னர் உதிரிப் பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதிக் காட்டுக. பாகத்திற்குக் கடைச் சீட்டை அப்படியே கொடுத்துவிடுக. எதிர்பாராத பழுது தென்பட்டால் கையை நிறுத்தி, உரியவரிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பின்னரே தொடருக.

“உறவினரிடமும் ஊராரிடமும் விலை பேசுவது எப்படி?” எனச் சிலர் கேட்பர். கணக்கை மறைப்பதால் உறவு வளராது. கொடுத்தவர் அதிகமென்றும் பெற்றவர் குறைவென்றும் எண்ணி இருவரும் மனம் கசப்பர். “750 ரூபாய் ஆகிறது, மாமா, நீங்கள் 600 கொடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அப்போது நீங்கள் விட்டுக்கொடுத்தது அவருக்கும் தெரியும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. கணக்குப் பாராததனாலேயே அந்த உழக்கும் போயிற்று என்பேன். சிவகாசியில் பெட்டிக்கும் வெடிக்கும் குரோசுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. நம் சங்கத்தில் சேலைக்கு இன்ன கூலி என்று பாவு வாங்கும்போதே தெரியும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுப் பண்டகசாலை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, கடனில்லா வியாபாரம் என்பன அவர்கள் கடைப்பிடித்த நெறிகள். சேலைக்குப் பேசிக்கொள்ளும் கூலியை ஸ்பானருக்கு மட்டும் பேச நாணுவானேன்?

அங்கத்தினர்களே! வண்டியின் முதல் நட்டைக் கழற்றுமுன் கூலியைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக் கோபிப்பவர், வேலை முடிந்தபின் பார்த்துக் கொடுக்கப்போகிறவரும் அல்லர்.