எழுத்துள்ள மலை

கல் பேசுமா என்று கேட்பர் சிலர். பேசும், அதன் மொழியறிந்தோர் அருகிருந்தால்! மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் மலைகள் பேசின, நாடு செவிமடுத்தது, பேரழிவு தடுக்கப்பட்டது.

2024 நவம்பரில், அவ்வட்டாரத்தின் ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க மைய அரசு நடத்திய ஏலத்தில் தனியார் நிறுவனம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. உழவர் பெருமக்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 9-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 ஜனவரியில் மக்கள் மதுரை நோக்கி அணிவகுத்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது.

வென்றது மக்கள் ஆற்றல், ஐயமில்லை. ஆனால், அவ்வாற்றலின் கைவாளாக விளங்கியவற்றுள் ஒன்று, இம்மலைகள் வெறுங்கல் அல்ல என்னும் சான்று. அதனைத் தந்தோர் தொல்லியல் அறிஞர்கள் அன்றோ!

1882-இல் இராபர்ட் சீவெல் மீனாட்சிபுரத்து மலைக்குகையில் பழைய எழுத்துகளைக் கண்டார். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துரைத்தார். பின்னர் ஐராவதம் மகாதேவன், நெடுஞ்செழியன் என்னும் பெயரை அக்கல்லில் படித்துக் காட்டினார். சங்க ஏட்டில் வாழும் பெயர், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாறையிலும் நிற்கிறது!

அருகே அரிட்டாபட்டியில் சமணர் கற்படுக்கைகள். பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். உழவனை வாழ்விக்கும் ஏரிகள். 2022-இல் இங்கே 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, இந்தத் தொன்மையும் அதற்குத் துணை நின்றது.

தொல்லியலார் பணி மண்ணைத் தோண்டுவதோடு முடிவதில்லை. மைப்படி எடுப்பதும், அளந்து வரைவதும், நிலப்படத்தில் குறிப்பதும், சிதைவு கண்டு எச்சரிப்பதும் அவர்தம் கடமைகளே. பதிவேறாத சின்னம், பெயரெழுதாத பிள்ளை போன்றது, காணாமற்போனாலும் தேடுவாரில்லை.

சட்டம் உண்டே என்பீர். மைய அரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாதென்கிறது 2010-ஆம் ஆண்டுத் திருத்தம். மலைத்தொடரோ நூறு மீட்டரில் அடங்குவதன்று! குகையை விட்டுவிட்டு மலையைக் குடைந்தால் எஞ்சுவது என்ன? எழுத்தும் மலையும் ஏரியும் வயலும் ஒரே வரலாறு என்று நிறுவிட வல்லோர் நமக்குத் தேவை. கல்வெட்டறிந்தோர் அருகிவரும் இந்நாளில், ஊதியமும் உரிமையும் தந்து அவரை வளர்ப்பது அரசுகளின் கடன்.

தோழர்களே, நமக்கும் கடனுண்டு. உங்கள் ஊர்ப் பாறையில் பழைய எழுத்தைக் கண்டால் தொல்லியல் துறைக்கு உடனே அறிவியுங்கள். மலைமீது சுண்ணாம்பும் வண்ணமும் பூசாதீர். நம் கொடியும் முழக்கமுமே ஆயினும் ஆகாது! நெடுஞ்செழியன் பெயர் தாங்கும் பாறையினத்தின் மேல் நம் வேட்பாளர் பெயர் எதற்கு?

ஓர் ஏலம் நின்றது. நாளை வேறொரு மலைக்கு விலை பேசப்படலாம். அன்று அம்மலைக்காக வழக்குரைக்கச் சான்று வேண்டும். அதனை இன்றே திரட்டிடுவோம்!