ஓதம் ஏறின சுவத்துக்குப் பெயிண்ட் வைத்தியம் பண்ணாதீங்க

இன்னைக்கு வெள்ளாமைச் சேதி இல்லை, சுவத்துச் சேதி. ரெண்டையும் கெடுக்கறது உப்பும் தண்ணியும்தான்கறதால, இதைப் பேச விவசாயிக்கும் உரிமை உண்டுங்க.

வீட்டு உட்சுவர்ல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி, தொட்டா அப்பளமாட்ட நொறுங்கி விழுதா? உடனே பெயிண்டரைக் கூப்பிடறீங்க. அவர் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ‘வாட்டர் ப்ரூஃப்’னு டப்பாவுல எழுதின பெயிண்டை ரெண்டு கோட்டிங் ஓட்டிட்டுப் போறார். அடுத்த மழை முடிஞ்சு பார்த்தா அதே இடத்துல அதே கொப்புளம். மறுபடியும் பெயிண்டர், மறுபடியும் டப்பா. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: கொப்புளம் பெயிண்டோட வியாதி இல்லை, சுவத்துக்குள்ள நிக்கற ஈரத்தோட வேலை. தண்ணி வர்ற வழியை அடைக்காம மேல பூசற காசு, ஆத்துல போட்ட காசு.

வடிகால் சரியில்லாத காட்டுல கோடையில வெள்ளை வெள்ளையா உப்புப் பூக்கறதைப் பார்த்திருப்பீங்க. அடியில இருக்கற ஈரம் உப்பைக் கரைச்சுக்கிட்டு மேல வரும். தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு மேலயே தங்கிரும். சுவத்துலயும் இதேதான். செங்கல்லுலயும் மணல்லயும் கலவை குழைச்ச தண்ணியிலயும் இருந்த உப்பு, ஈரத்தோட சேர்ந்து வெளிய வருது. சுண்ணாம்புச் சுவரா இருந்தா ஈரம் அப்படியே காத்துல போயிரும். எமல்ஷன் பெயிண்ட் ஒரு தோலாட்டப் போர்த்தியிருந்தா, உப்பு அந்தத் தோலுக்குப் பின்னாடி படிகமா வளர்ந்து அதை வெளிய தள்ளுது. அதுதான் கொப்புளம். உப்புப் பூத்த காட்டுக்கு எந்த விவசாயியும் சாயம் அடிக்க மாட்டானுங்க, வடிகால்தான் வெட்டுவான்.

பவானியில இது வெறும் அழகுச் சமாச்சாரம் இல்லை. 2018 ஆகஸ்டுலயும் 2022 ஆகஸ்டுலயும் மேட்டூர்ல நொடிக்கு 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணி திறந்தப்ப, காவிரிக்கரையோரத் தாழ்வான தெருக்கள்ல வீட்டுக்குள்ளயே ஆறு வந்துருச்சு. தண்ணி வடிஞ்சதும் சுவத்துக் கறையை மறைக்கணும்னுதான் யாருக்கும் தோணும். ஆனா நனைஞ்ச சுவர் காய, இஞ்சுக்கு ஒரு மாசம்னு ஒரு தோராயக் கணக்கு உண்டுங்க. நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் சீக்கிரமே காயலாம். அப்படியே இருந்தாலும் ஆகஸ்டுல மூழ்கின 9 இஞ்ச் செங்கல் சுவர் தீபாவளிக்குள்ள காஞ்சுராது. அந்தச் சுவத்துக்குப் பண்டிகைத் தள்ளுபடின்னு பெயிண்ட் விக்கறது, ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கற மாதிரி. உள்ள புழுங்கி நாறத்தான் செய்யும். தறியில உக்காந்தும் கூலிக்குப் போயும் சேர்த்த காசு, ரெண்டே வருஷத்துல தரையில பொடியா உதிர்ந்து கெடக்கும்.

டவுன்ல இன்னொரு அநியாயம். வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது, ‘பெயிண்டுக்கு’ன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிக்கறாங்க. ஆணி அடிச்ச ஓட்டைக்கும் பிள்ளைங்க கிறுக்கினதுக்கும் பிடிச்சா நியாயம். பாத்ரூம் பைப்பு உள்ளுக்குள்ள கசிஞ்சு, அதுக்குப் பின்னாடி இருக்கற படுக்கையறைச் சுவர் பொரிஞ்சதுக்குக் குடியிருந்தவர் ஏனுங்க காசு குடுக்கணும்? அது கட்டட வேலையோட குறை. அதைச் சரி பண்ண வேண்டியது வீட்டுக்காரர். அட்வான்ஸ்ல பிடிச்ச காசுலயும் அவர் பைப்பை மாத்தறதில்லை. பெயிண்டைத்தான் அடிக்கறார். அடுத்துக் குடிவர்றவங்க அட்வான்ஸும் அதே சுவத்துக்குத்தான் போகும்.

ரோட்டையும் சொல்லணும். தார் மேல தார் போட்டுப் போட்டு உங்க வீடு பள்ளத்துக்குள்ள போயிருச்சா? மழைத்தண்ணி சுவத்தோரம் நின்னா ஓதம் ஏறாம என்ன பண்ணும்? 2021 மே மாசம், அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு உத்தரவு போட்டார். உங்க தெருவுல அடுத்த தடவை தார் லாரி வந்து நிக்கும்போது, சுரண்டினீங்களான்னு நாலு பேராப் போய்க் கேளுங்க. டப்பாவுல வர்ற எந்த வாட்டர் ப்ரூஃபை விடவும் அது நல்ல வாட்டர் ப்ரூஃப்.

சரி, என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. முதல்ல அது எந்தத் தண்ணின்னு பாருங்க. தரையில இருந்து மூணடி உயரத்துக்குள்ள பட்டையாப் பொரிஞ்சிருந்தா, பெரும்பாலும் கீழ இருந்து ஏறற ஓதம். ஜன்னல் மூலையிலயும் சன்ஷேடு ஒட்டின இடத்துலயும்னா மழை. மழையோ வெயிலோ ஒரே இடம் ஈரமாவே இருந்தா பைப்பு. ஈரமும் இல்லாம உப்பும் இல்லாம தகடு தகடா உரிஞ்சா, பழைய சுண்ணாம்புப் பொடி மேல பிரைமர் இல்லாம ஓட்டின வேலையா இருக்கும். அங்க மட்டும் பெயிண்டரைக் கேளுங்க. புதுச் சிமென்ட் பூச்சுன்னா ஒரு மாசமாவது காயவிடணும். அதுல இருக்கற காரம் பெயிண்டைத் தின்னுரும்.

சந்தேகம் இருந்தா ஒரு முழம் அகலத்துக்குப் பாலிதீன் தாளைச் சுவத்துல வச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. தாளோட உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் வேர்த்திருந்தா அறையில காத்தோட்டம் போதலை.

தண்ணி வழியை அடைச்ச பிறகு, பொலபொலன்னு உதிர்ற பூச்சை ஓதக்கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும், செங்கல் தெரியக் கொத்தி எடுங்க. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ல தள்ளி அள்ளிக் கொட்டணும். தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு மறுபடியும் உள்ள போயிரும். நல்லாக் காஞ்ச பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்குன்னு பூசுங்க. அதுக்கு மேல வெள்ளையடிங்க. கலவைக்கு ஊத்தற தண்ணி நாக்குல கரிச்சா வேண்டாம். சுண்ணாம்பு எமல்ஷன் மேல ஒட்டாதுங்கறதால, சுத்தி இருக்கற பழைய பெயிண்டை முழுசா எடுத்துருங்க.

பழைய வீடா இருந்தா வறட்டுத் தூசி பறக்கத் தேய்க்காதீங்க, நனைச்சுச் சுரண்டுங்க. பிள்ளைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தி அடிச்சதுல எவ்வளவு ஈயம் இருக்குன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

‘சுண்ணாம்பு சட்டையில ஒட்டும், வருஷா வருஷம் அடிக்கணும், யாரால ஆகும்?’னு கேக்கறீங்க. ஒட்டும்தான், அடிக்கணும்தான். காஞ்ச சுவத்துக்கு எமல்ஷன் அடிச்சா எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனா ஒண்ணு யோசிங்க. தைப்பொங்கல் காப்புக் கட்டுக்கு முந்தி வெள்ளையடிக்கும்போது, கட்டிலை நகர்த்தி, பீரோவை நகர்த்தி, மூலை முடுக்கெல்லாம் ஒருத்தர் கண்ணு பட்டுரும். எங்க ஈரம், எங்க வெடிப்புன்னு அப்பவே தெரிஞ்சுரும். ஏழு வருஷ கேரண்டின்னா, ஏழு வருஷம் யாரும் அந்தச் சுவத்தைப் பார்க்கப் போறதில்லைன்னுதான் அர்த்தம்.

அதனால அடுத்த தடவை கலர் கார்டை விரிச்சுக் காட்டறவர்கிட்ட, எந்தக் கலர்னு சொல்றதுக்கு முந்தி ஒரு கேள்வி கேளுங்க: “தண்ணி எங்கிருந்துங்க வருது?” அவருக்குப் பதில் தெரியலைன்னா, காட்டற வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.