புது ஜீப்புக்கு இரும்புக் கவசம் எதற்கு?

புது ஜீப் வீட்டு வாசலுக்கு வருகிறது. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். மாலை போடுகிறார்கள். பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள். இதுவரை எல்லாம் சரி.

மறுநாள் என்ன நடக்கிறது? வண்டி, உதிரி சாமான் கடைக்குப் போகிறது. முன்பக்கம் கனமான இரும்புக் கம்பி. கூரை மேல் கேரியர். கண்ணைக் கூச வைக்கும் நாலு விளக்கு. அளவுக்கு மீறிய பெரிய டயர். மாலையில் திரும்பும்போது வண்டி பட்டாளத்து வண்டி மாதிரி இருக்கிறது. "இனி இது எங்கும் போகும், எதையும் தாங்கும்" என்று வீட்டுக்காரர் பெருமைப்படுகிறார்.

அந்தப் பெருமைதான் ஆபத்து!

எங்கும் போகுமா?

நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் பலம் போகிறது என்றால் என்ன பொருள்? சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் வண்டி நகர வழி உண்டு என்று பொருள். வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பொருள் அல்ல. எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. மழையில் மலைப்பாதை இறங்கும்போது நான்கு சக்கர ஜீப்பும் சாதாரணக் காரைப் போலவே வழுக்கும். கனம் அதிகம் என்றால் நிறுத்துவது இன்னும் கடினம்.

தண்ணீரைப் பாருங்கள். 2020-ல் வந்த மஹிந்திரா 'தார்' வண்டி 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொன்னது. அதாவது இரண்டு அடிக்குச் சற்று அதிகம். அது தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான் பொருந்தும். ஓடுகிற வெள்ளம் இரண்டு அடி இருந்தாலே பெரிய வண்டியையும் புரட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும்போது, "நம்முடையது ஜீப்" என்று இறங்குகிறவர் வண்டியை மட்டுமா பணயம் வைக்கிறார்? பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே!

இன்னொன்று. ஜீப் போலத் தோன்றும் வண்டி எல்லாம் ஜீப் அல்ல. 'தார்' வண்டியே 2023-ல் இரண்டு சக்கர இழுவையோடும் விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. சேற்றில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும்!

கம்பி மாட்டினால் பலமா?

மேடு ஏறும்போது முன் பம்பர் தரையில் இடிக்கக் கூடாது. அதற்காகவே பம்பரை உயர்த்தி, சரிவாக அமைக்கிறார்கள். 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி 'ஜிம்னி'யில் இந்த முன் கோணம் 36 டிகிரி. அதன் கீழே கனத்த கம்பியைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? கோணம் குறையும். முன்பு சுலபமாக ஏறிய மேட்டில் கம்பி முட்டி நிற்கும். காட்டு வழிக்கு என்று மாட்டிய சாமானே காட்டு வழியை அடைக்கிறது!

கூரைக் கேரியரில் மூட்டை ஏற்றினால் பாரம் மேலே போகிறது. வளைவில் வண்டி கவிழ இடம் கொடுக்கிறது. டயர் பெரிதானால் வேகம் காட்டும் முள் குறைத்துக் காட்டும். முள் 60 என்று சொல்லும்போது உண்மையான வேகம் அதற்கு மேல் இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இன்றைய வண்டியின் முன்பாகம் மோதும்போது நசுங்க வேண்டும். நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அடியை அறிந்து, கண் இமைக்கும் நேரத்தில் காற்றுப் பை விரிய வேண்டும். நடுவில் இரும்புக் கம்பி நின்றால் கணக்குத் தப்புகிறது. பை தாமதமாக விரியலாம், விரியாமலே போகலாம். அடி நேரே உள்ளே இருப்பவர்கள் மேல் இறங்கும். எதிரே தெருவைக் கடக்கும் குழந்தையின் தலை உயரத்தில்தான் அந்தக் கம்பி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய பழக்கம்

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? 1947-ல் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பில் காற்றுப் பை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் இருந்தால் போதும், எதையும் மாட்டலாம், எதையும் கழற்றலாம். இன்றைய வண்டி அப்படி அல்ல. ஒரு விளக்குக்காக ஒயரை வெட்டி ஒட்டினாலும் வேறு எங்கோ கோளாறு காட்டும். கம்பெனியின் வாரண்டியும் கைவிட்டுப் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 டிசம்பரில் மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. முன்கம்பி மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுக்கு விரோதம் என்று அதில் சொன்னது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

"காட்டுக்குள்ளேயே வேலை செய்கிறவர்களுக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் அந்த வண்டிக்கென்றே சோதித்து, கம்பெனியே தரும் சாமான்களை வாங்க வேண்டும். மாற்றம் எதுவானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்க வேண்டும். கடைக்காரர் "எல்லாரும் மாட்டுகிறார்கள், சார்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

மற்றக் குடும்பங்களுக்கு வழி இன்னும் சுலபம். கம்பிக்குக் கொடுக்கும் பணத்தில் தேய்ந்த டயரை மாற்றலாம். காற்றுக் கருவி ஒன்றும், இழுக்கும் நல்ல கயிறு ஒன்றும் வாங்கி வைக்கலாம். பின் சீட்டில் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை. முன்கம்பி ஏற்கெனவே மாட்டியிருந்தால், இந்த வாரமே கழற்றிவிடுவது நல்லது.